குளிர் போகாத டப்பா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்.

கிரான்பி என்கிற, பிரெஞ்சு பேசும் பனி ஊரில், சர்க்யூட் போர்டு செய்கிற ஒரு சின்னக் கடையில் எனக்கு வேலை. யாராவது புதிதாக ஒரு கருவியை யோசித்திருப்பார்கள். அது உருப்படுமா என்று பார்க்க, முதல் சில போர்டுகளை எங்களிடம் கொடுத்துச் செய்துகொள்வார்கள். மாதிரி போர்டு என்போம். கடையில் மூன்றே பேர். ரேஜான் முதலாளி. போர்டில், பாகங்களை ஒட்டவைக்கிற சால்டர் பேஸ்ட் தடவி, பாகங்களை அதன்மேல் அடுக்கி, ஓவனில் சுட்டு எடுப்பவள் மர்ஜோலேன். சுட்டு வந்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவள் நான். மங்கையர்க்கரசி என்று அப்பா வைத்த பெயர், இவர்கள் வாயில் மங்கா ஆகி வெகுகாலம் ஆயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, மர்ஜோலேன் கொடுத்த போர்டில் ஒட்டுகள் மினுங்கவில்லை.

எங்கள் கடையில் மாதிரி போர்டு என்றால் ஈயம் கலந்த பேஸ்ட்தான். அது ஆறினால் பளபளவென்று நிற்கும். இதுவோ கழுவாத எவர்சில்வர் மாதிரி மங்கிக் கிடந்தது. ஈயம் இல்லாத பேஸ்ட் போட்டிருக்கிறாள். ஏன் என்று யோசித்தேன். யோசித்த கையோடு தெரிந்துவிட்டது. என் முகத்தை யாரும் பார்க்கக் கூடாதென்று கண்ணை மைக்ராஸ்கோப்பை விட்டு எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

[என்ன தெரிந்தது என்பதை இங்கேயே சொல்வதா, கடைசிவரை இழுப்பதா என்று குழம்பினேன். இழுத்தடிக்கிற கதைகளைக் கண்டால் எனக்கே எரிச்சல். சொல்லிவிடுகிறேன்: மர்ஜோலேன் உண்டாகியிருந்தாள். அது ஒருவருக்கும் தெரியக் கூடாதென்று நினைத்தாள். கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் எந்த டப்பாவைத் திறப்பது என்பதுதான்.]

2

எப்படித் தொடங்குவது என்பதில் கொஞ்சம் பேப்பர் வீணாயிற்று.

"பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், மர்ஜோலேன் தன் அடிவயிற்றை மெல்லத் தடவியபடி—"

பொய். அவள் தடவவே இல்லை. பொது இடத்தில் வயிற்றைத் தடவுகிற ரகமா அவள்? அடித்துவிட்டேன்.

"சால்டர் பேஸ்ட் என்பது, கண்ணுக்குத் தெரியாத உலோகக் குண்டுகளைப் பிசினில் குழைத்து—"

இது பாடப் புத்தகம். பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆனால் இந்தப் பாடம் இல்லாமல் கதை ஒரு அடி நகராது. ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழில் பற்றாசுப் பசை என்று எழுதலாம்தான். எழுதினால் நானே யாரோ மாதிரி இருக்கிறது. பேஸ்ட் என்றே இருக்கட்டும்.

எங்கள் கடை ஃபிரிட்ஜில் மூன்று டப்பாக்கள். சாப்பாட்டு ஃபிரிட்ஜ் வேறு. மாற்றி வைத்தால் ரேஜான் கொன்றுவிடுவான்.

ஈயம் கலந்தது ஒன்று. குறைந்த சூட்டில் உருகும், சொன்ன இடத்தில் நிற்கும், கை தவறினாலும் மன்னிக்கும். ரேஜானுக்கு அதுதான் பெற்ற பிள்ளை. இரண்டாவது ஈயம் இல்லாதது. அதற்குச் சூடு ஏகமாக வேண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பாகங்கள் குழைந்துபோகலாம். மூன்றாவது பிஸ்மத் கலந்தது. அதில் ஈயமும் இல்லை, சூடும் அதிகம் வேண்டாம். ஆஹா என்பீர்கள். ஆனால் ஒட்டு அப்பளம். கீழே விழுந்தால் பட்டென்று விட்டுவிடும்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்கக் கூடாது. காலையில் முதலில் வருகிறவர் எடுத்து மேசையில் வைப்பார். குளிர் முழுக்கப் போன பிறகுதான் மூடியில் கை வைக்கலாம். அவசரப்பட்டால் பேஸ்ட் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும்; ஓவனில் வெடித்துத் தெறிக்கும். இதைக் கடைக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது மர்ஜோலேன்.

பாடம் முடிந்தது.

3

மர்ஜோலேனின் மனசுக்குள் நான் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். பக்கத்து மேசை. பத்து வருஷத்துக்கு மேல் பக்கத்து மேசையில் இருந்துவிட்டால், ஒருத்தி மூச்சு விடுகிற விதமே போதும்.

ஏற்கெனவே ஒருமுறை அவள் உண்டாகியிருந்தாள். அப்போது ஒளிக்கவில்லை. இங்கே சட்டம் நல்ல சட்டம். கர்ப்பிணிக்கு ஈயம் புழங்குகிற வேலை கூடாதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். வேறு வேலை இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், சம்பளத்தில் பெரும்பகுதி வந்துவிடும். மர்ஜோலேன் எழுதி வாங்கி வந்தாள். ரேஜான் அவளைத் தூக்கிச் சுற்றாத குறை. நான் குட்டி ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினேன். அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள், ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தாள், குழந்தை தங்கவில்லை.

ஈயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். அது எங்கே மனசில் ஏறும்?

அதன் பிறகு வந்ததுதான் கொடுமை. இந்த ஊரில் துக்கம் என்றால் தூர்த்தியேர் சுட்டுக்கொண்டு வருவார்கள், இறைச்சி அடைத்த பெரிய அடை. ரேஜானின் மனைவி கொண்டுவந்தாள். அடுத்த கடைக்காரர் கொண்டுவந்தார். யார் எவர் என்று தெரியாதவர்களெல்லாம் கொண்டுவந்தார்கள். நான் என் பங்குக்கு லெமன் சாதம் கட்டிக்கொண்டு போனேன். "துக்கத்துக்கு லெமன் சாதமா?" என்று வீட்டில் என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். மர்ஜோலேனும் அவள் ஆளும் தின்னவும் முடியாமல், கொட்டவும் முடியாமல், எல்லாவற்றையும் ஃப்ரீஸரில் அடுக்கினார்கள்.

"மங்கா, ஐஸ்கிரீம் எடுக்கப் போனாக்கூட அந்த அடைதான் முகத்துல முழிக்குது" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த முறை அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கொஞ்ச காலம், ஆபத்தான மாதங்கள் தாண்டும்வரை, யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். தங்கினால் சொல்லிக்கொள்ளலாம். தங்காவிட்டால் யாரும் அடை சுடக் கூடாது.

ஈயத்தைத் தொடவும் கூடாது. ஏன் தொடவில்லை என்று யாரும் கேட்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் அவளுக்கு.

4

அந்த வாரத்து வேலை, மேப்பிள் தோட்டக்காரர் ஒருவருக்கு. பாகு காய்ச்ச மரத்திலிருந்து சாறு இறங்குகிற குழாய்களில் எங்காவது ஓட்டை விழுந்தால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டி. குளிர் விட்டுச் சாறு ஓடத் தொடங்குவதற்குள் வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்க வருகிறார். போர்டில் காற்றழுத்தம் பார்க்கிற சென்சார் ஒன்று, பிளாஸ்டிக் மூக்கோடு.

செவ்வாய்க்கிழமை மர்ஜோலேன் முதல் ஆளாக வந்து, ஈயம் இல்லாத டப்பாவை எடுத்து வைத்து, மத்தியானத்துக்குள் முதல் போர்டைச் சுட்டுவிட்டாள். நான் பார்த்த மங்கல் ஒட்டு அதுதான். ஒட்டில் பழுதில்லை. ஆனால் சென்சாரின் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ரேஜான் அதை விரலால் தள்ளிப் பார்த்தான்.

"அட திருக்கிண்ணமே!* என்ன மர்ஜோ இது? வெந்த கத்திரிக்கா மாதிரி தொங்குது. எந்த பேஸ்ட் போட்ட?"

"ஈயமில்லாதது."

"எதுக்கு?"

"கஸ்டமர் காட்டுல மரத்துல மாட்டப்போறார் இல்ல. ஈயம் வேணாம்னு தோணுச்சு."

"மரத்துக்கு என்ன, பல்லா வலிக்கப்போகுது? போர்டு டப்பிக்குள்ள இருக்கு, டப்பி வெளிய தொங்குது. இத்தனை வருஷத்துல இல்லாத ஞானோதயம் இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு? சர்தான் போ. நாளைக்கு நம்ம பழைய டப்பாவையே போடு. நானே வந்து எடுத்து வைக்கிறேன், உன்ன நம்ப முடியாது."

"சரி" என்றாள் மர்ஜோலேன். அந்தச் சரி எங்கிருந்தோ வந்தது.

\* இந்த ஊரில் கெட்ட வார்த்தை எல்லாம் சர்ச்சுச் சாமான்கள்தான். கிண்ணம், பேழை, அப்பம் என்று அடுக்கிக்கொண்டே போவான் ரேஜான். அவன் வாய் ஓடுகிறவரை கவலையில்லை. சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும்.

5

இந்தப் பகுதியை எழுதத்தான் உட்கார்ந்தேன். இதை எழுதத்தான் கை வரவில்லை.

புதன்கிழமை மர்ஜோலேன் உள்ளே வரும்போது மேசைமேல் ஈயம் கலந்த டப்பா தயாராக இருந்தது. புது டப்பா. சீல் கூட உடைக்கவில்லை. ரேஜான் போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக் கழற்றாமல் டப்பாவைப் பார்த்தபடி நின்றாள்.

கையுறை போட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்து கையை நன்றாகத் தேய்த்துக் கழுவலாம். தடவுகிற அளவு ஈயத்தால் ஒன்றும் ஆகாது என்று நூறு பேர் சொல்வார்கள். போன முறை இதைத் தொடாமலே இருந்தும்தானே போயிற்று! இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நாளை ஏதாவது ஆகிவிட்டால், இந்த ஒரு காலையை நினைத்து நினைத்தே அவள் செத்துப்போவாள். அதற்கு அவள் தயாராக இல்லை.

[முதலில் இங்கே அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அதை அவள்மேல் ஏற்றிவிட்டேன். எடுத்துவிட்டேன்.]

அவள் ஃபிரிட்ஜைத் திறந்து பிஸ்மத் டப்பாவை எடுத்தாள். சூடு குறைவு, மூக்கு தொங்காது. ஒட்டு பலவீனம்தான், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டப்பா பனிக்கட்டியாக இருந்தது. குளிர் போகும்வரை அதை மேசைமேல் வைத்தால் ரேஜான் பார்ப்பான், பார்த்தால் கேட்பான். போனை வைப்பதற்குள் தடவிவிட வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவள், குளிர் போகாத டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தாள்.

நான் பார்த்தேன். குனிந்து கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கொண்டேன்.

6

ஓவனிலிருந்து வந்த போர்டைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டியிருக்கவில்லை. கடுகு வெடித்த வாணலி மாதிரி எங்கு பார்த்தாலும் குட்டிக் குட்டிக் குண்டுகள். பாகங்களின் கால்களுக்கு நடுவே, சென்சாருக்கு அடியில், ஓரத்தில்.

ரேஜான் வந்தான்.

"பேழையே! கிண்ணமே! அப்பமே! குளிர் டப்பாவத் தொறந்தியா? நீயா? இந்தத் தப்பை மங்காகூட பண்ண மாட்டா!"

("நான் எதுக்கு நடுவுல?" என்றேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.)

"அதுவும் பிஸ்மத்! இத மரத்துல மாட்டி, அந்த மனுஷன் தெரியாத்தனமா ஒரு தட்டு தட்டினா எல்லாம் உதிர்ந்துபோகும். நான்தான் அந்த டப்பாவ உன் மூக்குக்கு நேரா வெச்சிருக்கேனே, அத விட்டுட்டு எதுக்கு இந்த எழவெடுத்த..."

நின்றான். சத்தம் நின்றது.

மேசைமேல் சீல் உடைக்காத ஈய டப்பா. அதற்கு நேர் எதிரில் மர்ஜோலேன், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல். ரேஜான் டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திரும்ப டப்பாவைப் பார்த்தான். அவன் முகத்தில் என்ன ஓடியது என்று எழுத நாலு வாக்கியம் முயன்றேன். நாலும் தேறவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது போதும்.

7

இனி ரேஜான் என்ன செய்வான்?

இந்த ஆளை வில்லனாக்கத்தான் முதலில் திட்டம். கத்துகிறான், சபிக்கிறான், முதலாளி வேறு, வாகாக இருந்தான். "வேலை செய்ய முடியாதுன்னா வீட்டுக்குப் போ" என்று அவன் வாயில் ஒரு வசனம்கூட எழுதி வைத்தேன். அதைச் சொல்ல வைக்கப் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்று நின்றான்.

சரி, நல்லவனாக்கலாம் என்று, ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கண்கலங்க—

ஐயோ, அது அடையைவிட மோசம்.

நடந்தது இது. ரேஜான் தொண்டையைச் செருமினான். அப்புறம் முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கத்தத் தொடங்கினான்.

"எல்லாம் இந்தக் கேடுகெட்ட டப்பாவால வந்தது!" என்று ஈய டப்பாவைத் தூக்கினான். "காஞ்சு கட்டியாயிருச்சு. இதத் தடவினா வறட்டியாட்டம் நிக்கும். நீ எப்படி இத வெச்சு வேலை பாப்ப? சொல்ல வேண்டியதுதானே! வாயில என்ன, அவிச்ச உருளைக்கிழங்கா?"

கழிவு சாமான் டப்பியில் அதைத் தொப்பென்று போட்டான். சீலோடு போட்டான். திறக்காத டப்பா காய்ந்திருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அந்தக் கடையில் இருந்த மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

மர்ஜோலேன் கழிவு டப்பியையே பார்த்தாள். "புது டப்பா ஒண்ணு அனுப்பச் சொல்லிடட்டுமா?" என்றாள், மெதுவாக.

"இப்ப எதுக்கு? அவசரமில்ல. இலையெல்லாம் உதிரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

வெளியே முழங்கால் அளவு பனி. இலை உதிர இன்னும் வசந்தம் வந்து, கோடை வந்து, அதுவும் போக வேண்டும். மர்ஜோலேன் மனசுக்குள் கணக்குப் போடுவதை நான் பார்த்தேன். சட்டென்று திரும்பிக் கை கழுவப் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

8

மேப்பிள்காரர் போர்டு என்னாயிற்று என்று சிலருக்கு நமைச்சல் இருக்கும். சொல்கிறேன்.

சென்சாரை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஈயம் இல்லாத பேஸ்ட்டில் சுடுவது. ஆறிய பிறகு சென்சாரைக் கையால், ஒவ்வொரு காலாகச் சூட்டுக்கோலை வைத்துப் பற்றவைப்பது. மூக்கு தொங்காது, ஒட்டும் உதிராது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றால், செய்திருக்கலாம். ஆனால் அது முதுகு ஒடிகிற வேலை. கண் மங்கிப்போச்சு, இனிமேல் கையால் பற்றவைப்பதில்லை என்று ரேஜான் எப்போதோ சபதம் போட்டிருந்தான். இப்போது அவனே விளக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நான் பண்றேன், குடு" என்றாள் மர்ஜோலேன்.

"ஒண்ணும் கிழிக்க வேணாம். நேத்து ஒண்ண அவிச்ச, இன்னிக்கு ஒண்ண வெடிக்க வெச்ச. போய் அடுத்ததுக்கு பேஸ்ட் தடவு. குளிர் போயிருச்சான்னு தொட்டுப் பாத்துட்டுத் தொற, மகராசி!"

திட்டிக்கொண்டே இருந்தான். வியாழன் முழுக்கத் திட்டினான். வெள்ளிக்கிழமை மேப்பிள்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகும் திட்டினான். அவன் திடீரென்று இனிமையாகப் பேசியிருந்தால் மர்ஜோலேன் அன்றைக்கே உடைந்திருப்பாள். அது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. அந்தக் கத்தல் ஒவ்வொன்றிலும் அவ்வளவு பரிவு இருந்தது. அவன் கால்மாட்டில் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது எனக்கு.

போர்டுகள் என் மேசைக்கு வந்தபோது மர்ஜோலேன் பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமாக நிற்க மாட்டாள்.

"எப்படி இருக்கு?"

"மங்கலா இருக்கு. ஆனா அது குத்தமில்ல. இந்த வகை அப்படித்தான் இருக்கும்."

"உறுதியா இருக்கா, மங்கா?"

கண்ணை மைக்ராஸ்கோப்பிலேயே வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு உறுதியாத்தான் இருக்கு. நாளைக் கதைய நாளைக்குப் பாக்கலாம்."

என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

9

முடிவு.

ஒன்று எழுதினேன்: "மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், ரேஜானின் போன் அடித்தது. மறுமுனையில்—" கண்பட்டுவிடும் என்று கிழித்தேன். படித்தவள்தான் நான், ஆனாலும் கிழித்தேன்.

இன்னொன்று எழுதினேன்: "ரேஜானின் மனைவி மறுபடியும் மாவு பிசைந்து—" எழுதிய கையை என்ன செய்யலாம் என்று தோன்றியது. இதைக் கிழிக்கவில்லை, எரித்தேன்.

நிஜத்தில் எனக்கும் தெரியாது. இதை எழுதுகிற இன்று, வெளியே பனி அப்படியே கிடக்கிறது. காலையில் கடைக்குப் போனால் முதலில் மேசையைத்தான் பார்க்கிறேன். இன்றும் ஈயம் இல்லாத டப்பாதான் இருந்தது. எடுத்து வைத்தது மர்ஜோலேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த செய்தி. நாளைக் காலையும் இதையே பார்க்க வேண்டும்.

அவளுக்குத் தமிழ் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில் உங்களிடம் சொல்லிவிட்டேன். ஊரையும் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன் என்றாலும் சொன்னது சொன்னதுதான். கடையில் மூன்று பேருக்குத் தெரிந்தது, நீங்கள் நான்காவது. ஆகவே ரேஜான் செய்ததை நீங்களும் செய்ய வேண்டும். என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அனுதாபத்தைச் சுட்டு எடுத்துக்கொண்டு வராதீர்கள். என்னைத் திட்டுங்கள். இதென்ன கதை, தலையும் இல்லை வாலும் இல்லை, பேஸ்ட் டப்பாவைப் பற்றி எவளாவது எழுதுவாளா என்று உரக்கத் திட்டுங்கள். அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கட்டும்.

திட்டி முடித்துவிட்டு இதை மேசைமேல் வைத்துவிடுங்கள். இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறோம், இன்னும் குளிராகத்தான் இருக்கிறது. மூடியில் கை வைக்காதீர்கள்.